புகாரின் விளக்குகளும் ரீயூனியன் தீவின் பறவைகளும்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் புகார்க் கடற்கரையின் இரவு முழுக்க விளக்குகளால் ஆனது. சாந்தும் மலரும் விற்போர், கம்மியர், அப்பம் சுடுவோர், மீன் விற்போர், பண்டகசாலைக் காவலர் என ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு; பரதவரின் திமில்களிலும் விளக்கு; இவற்றோடு மரக்கலங்களை அழைக்கும் கலங்கரை விளக்கம். பலமுறை படித்த பகுதிதான். ஆயினும், அந்த ஒளி மாலுமிகளைத் தவிர வேறு யாரை அழைத்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது, காரைக்காலோடு தொடர்புடைய ஒரு தூரதேசத்துத் தீவு.

புகாருக்குத் தெற்கே, அதே கரையில் உள்ள காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தபின், ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழர் பலர் கப்பலேறினர். 1882-இல் பிரிட்டிஷ் அரசு ஆளெடுப்பைத் தடுத்தது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே 'மலபார்' எனப்படுகின்றனர். (சோழ மண்டலத்திலிருந்து போனவர்களுக்கு மேலைக் கரையின் பெயர்!)

அத்தீவின் உயர்ந்த மலைச்சரிவுகளில் வளை தோண்டி முட்டையிடும் கடற்பறவை, பாராவின் பெட்ரல். ஏறக்குறைய அவ்வினம் முழுவதுமே அங்குதான் இனப்பெருக்கம் செய்கிறது. அறிவியல் உலகம் அதற்குப் பெயரிட்டதே 1964-இல்தான். ஏப்ரல் மாத இரவுகளில் குஞ்சு, தாய் தந்தையர் துணையின்றி, கடலை நோக்கி முதன்முறையாகப் பறக்கிறது. விண்ணொளியைப் பிரதிபலிக்கும் கடற்பரப்பே இருட்டில் அதற்கு வழிகாட்டி என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கரையோர ஊர்கள் இருண்டிருந்தவரை இக்கணக்கு பிழைத்ததில்லை. மின்விளக்கு வந்தபின் தெருவும் விளையாட்டு மைதானமும் கடலைவிடப் பிரகாசமாகிவிட்டன. குழம்பித் தரையில் விழும் குஞ்சால் மீண்டும் எழும்ப முடிவதில்லை; அதன் கால்கள் நீந்துவதற்கென்று உடலின் பின்புறம் அமைந்தவை. நாயோ பூனையோ வாகனமோ மிச்சத்தை முடித்துவிடும்.

1996 முதல் 1999 வரையிலான நான்கே ஆண்டுகளில் அங்கே இவ்வாறு விழுந்து கண்டெடுக்கப்பட்ட கடற்பறவைகள் 2,348. அவற்றுள் பெரும்பகுதி பாராவின் பெட்ரல். அதிலும் பெரும்பாலானவை முதற்பறத்தலில் இருந்த குஞ்சுகள். ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடும் பறவைக்கு இது சிறிய இழப்பன்று. கண்டெடுத்தவற்றில் பெரும்பான்மை பிழைத்துக் கடலுக்குத் திரும்பியது என்பது ஆறுதல்.

2000-களின் இறுதியிலிருந்து அத்தீவில் 'விளக்கற்ற இரவுகள்' கடைப்பிடிக்கப்படுகின்றன. குஞ்சுகள் பறக்கும் பருவத்தில் ஊராட்சிகள் பல தெருவிளக்குகளை அணைக்கின்றன. காரைக்காலில் 2009-இல் இயங்கத் தொடங்கிய புதிய துறைமுகம் உட்பட நமது கரை முழுவதும் ஆண்டுக்காண்டு வெளிச்சம் கூடிவரும் காலத்தில் இதைப் படிக்க நேர்ந்தது. கப்பலுக்கும் கட்டுமரத்துக்கும் விளக்கு வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் ரீயூனியனில் அணைக்கப்படுபவை பெரும்பாலும் யாருக்காகவும் எரியாத விளக்குகள்.

விழுந்த குஞ்சை அங்குள்ளோர் துணியால் மூடி, துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மீட்பு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பறவையைப் பின்னர் கடலோரம் கொண்டுபோய்ப் பறக்க விடுகிறார்கள்.