எடின்பரோவில் தட்டுப்பட்ட ஊசி

இர்வின் வெல்ஷ் 1993இல் எழுதிய 'டிரெயின்ஸ்பாட்டிங்' நாவலை நம்மில் பலர் 1996இல் வந்த திரைப்படத்தின் வழியாகவே அறிந்திருக்கிறோம். ஹெராயினில் உழலும் எடின்பரோ இளைஞர்களின் கதை அது. அதில் டாமிக்கு எச்.ஐ.வி. தொற்றுவதைப் போதையின் கூலி என்று வாசித்துக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அக்கிருமி அந்நகரத்தில் பரவிய வரலாற்றைப் புரட்டினால், ஹெராயினைவிடவும் ஒரு சிறு கருவியின் தட்டுப்பாடே முன்னால் வந்து நிற்கிறது. அக்கருவி சிரிஞ்சு.

1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் மலிவான ஹெராயின் வந்து குவிந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த மியூர்ஹவுஸ் போன்ற குடியிருப்புகளில் அது வேரூன்றியது. சிரிஞ்சு விற்பதை எந்தச் சட்டமும் தடைசெய்துவிடவில்லை. காவல்துறை நெருக்கியது, மருந்துக்கடைக்காரர்கள் பின்வாங்கினர், மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு மட்டுமே விற்குமாறு 1982இல் மருந்தாளர் சங்கமும் அறிவுறுத்தியது. பிடிபட்டவர்களின் சிரிஞ்சுகள் பறிமுதலாயின. ஊசி கிடைக்காவிட்டால் பழக்கம் ஒழியும் என்பது கணக்கு. நல்லெண்ணத்தில் போட்ட கணக்குத்தான் என்று நாமும் நம்புகிறோம்.

பழக்கம் ஒழியவில்லை. ஒரே சிரிஞ்சு பல கைகளுக்கு மாறியது. ஊசி நரம்பில் ஏறியதா என்று பார்க்க முதலில் சிறிது இரத்தத்தை உள்ளே இழுப்பார்கள். மருந்தைச் செலுத்திய பின்னும் அதில் கொஞ்சம் குழலிலேயே தங்கிவிடும். அடுத்தவருக்குப் போவது அந்த இரத்தமும்தான். 1983 வாக்கில் எச்.ஐ.வி. அந்த வட்டத்துக்குள் புகுந்தபோது, அது பயணிக்கும் பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

மியூர்ஹவுஸில் மருத்துவராக இருந்த ராய் ராபர்ட்சனும் உடன் பணியாற்றியோரும் மஞ்சள்காமாலைச் சோதனைக்காகச் சேமித்திருந்த இரத்த மாதிரிகள், 1985இல் எச்.ஐ.வி. பரிசோதனை வந்தபின் மீண்டும் சோதிக்கப்பட்டன. 164 பேரில் 51 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. 1986இல் இம்முடிவு வெளியானது. சுமார் 70 கிலோமீட்டர் மேற்கே இருந்த கிளாஸ்கோவிலும் ஹெராயின் இருந்தது, வறுமையும் இருந்தது. சிரிஞ்சுக் கெடுபிடி அவ்வளவு இறுகியிருக்கவில்லை. அங்கே தொற்று விகிதம் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியை ஊசியை விட்டுவிட்டு விளக்குவது கடினம்.

ஆம்ஸ்டர்டாமில் போதைப் பழக்கமுள்ளோரின் சங்கமே 1984இல் பழைய ஊசியை வாங்கிப் புதியது தரும் ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தது. அப்போது அவர்களின் அச்சம் ஹெபடைடிஸ்-பி. ஸ்காட்லாந்தில் 1986இல் மெக்லெலண்ட் குழு, தொற்றைத் தடுப்பதே முதல் கடமை, தூய ஊசிகளை வழங்குங்கள் என்று பரிந்துரைத்தது. மறு ஆண்டு சோதனை முயற்சியாக மாற்று மையங்கள் திறக்கப்பட்டன. இதற்குள் பல குடும்பங்களில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே நோயாளிகளாகியிருந்தார்கள்.

அன்று தப்பிய கிளாஸ்கோவின் பிற்காலம் விசித்திரமானது. 2015இல் அங்கே ஊசி போட்டுக்கொள்வோரிடையே எச்.ஐ.வி. பரவுவது கண்டறியப்பட்டது, சில ஆண்டுகளில் நூறு பேருக்கு மேல் தொற்றியது. அந்தப் பரவல் அடங்குவதற்கு முன்பே, 2017இல், நகரின் மத்திய ரயில் நிலையத்தில் இயங்கிய, மிகுதியானோர் நாடிவந்த ஊசி மாற்றுச் சேவை நிறுத்தப்பட்டது. பயன்படுத்திய ஊசிகள் நிலையத்தில் கிடந்தன என்பதுதான் காரணம்.