116 குதிரைவலு எப்படி வென்றது?

புது ஸ்போர்ட்ஸ் கார் ஒண்டு வெளிவந்தால் எங்களில் அநேகமானோர் முதலில் தேடுவது குதிரைவலுவைத்தான். நிறை எவ்வளவு எண்டு கேட்கிற ஆக்கள் குறைவு. ஆனால் இந்தக் கார்களின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால், அந்த இரண்டாவது இலக்கம் எத்தனை கம்பனிகளுக்குப் பாடம் படிப்பித்தது எண்டு விளங்கும்.

1960களில் சின்ன, கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் கார் எண்டாலே பிரித்தானியாதான். 1962இல் லோட்டஸ் வெளியிட்ட எலானின் நிறை 700 கிலோவுக்கும் குறைவு. நூறு சொச்சம் குதிரைவலு அதுக்குத் தாராளம். அதைவிட மலிவான எம்ஜிபி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்றவை அமெரிக்காவில் நிறைய விற்றன. 1970களில் அங்கே பாதுகாப்பு, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இறுகின. எம்ஜிபிக்குப் பெரிய றப்பர் பம்பர் பூட்டினார்கள், நிறை கூடியது. புகையைக் குறைக்கப்போய் எஞ்சினின் வலுவும் இறங்கியது. கம்பனியின் பணக்கஷ்டமும் சேர, 1980இல் இரண்டு கார்களின் உற்பத்தியும் நின்றது.

அப்படியான காரை நீங்கள் செய்யலாமே எண்டு 1979இல் மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் சொன்னவர் பொப் ஹோல் எண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர். பிறகு அவரே மஸ்டாவில் சேர்ந்தார். 1989 பெப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 வந்தது. 1.6 லீற்றர் எஞ்சின், 116 குதிரைவலு, 1,000 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த நிறை, ஆரம்ப விலை 13,800 டொலர்.

அதே வருடம் லோட்டஸும் புது எலானைக் கொண்டுவந்தது. டர்போ எஞ்சின், சுமார் 165 குதிரைவலு, மஸ்டாவை விட நல்ல வேகம். ஆனால் அமெரிக்காவில் அதன் விலை மஸ்டாவின் இருமடங்குக்கும் மேல். நாலாயிரம் கார்கூட முடியமுன்னம், 1992இல் லோட்டஸ் அதை நிறுத்தியது.

மறுபக்கம் ஜப்பானிலேயே குதிரைவலுப் போட்டி. நிசான் 300இசட்எக்ஸ் இரட்டை டர்போவுக்கு 300 குதிரைவலு, நிறை 1,500 கிலோவுக்கு மேல். மிட்சுபிசி 3000ஜிடி விஆர்-4க்கும் அதே 300, நிறையோ 1,700 கிலோவைத் தாண்டியது. கணக்குப் போட்டால், தொன்னுக்கு மஸ்டாவிடம் ஏறக்குறைய 120 குதிரைவலு, நிசானிடம் ஏறக்குறைய 190. நேர் றோட்டில் நிசான் பறந்துவிடும்.

அப்ப நிறையில் என்ன கிடக்கு? வலு நிறையை ஈடுகட்டுவது வேகம் எடுக்கேக்கை மட்டும்தான். வளைவிலும் பிரேக் பிடிக்கிற இடத்திலும் எஞ்சின் உதவிக்கு வராது. சைக்கிளில் டபிள்ஸ் ஏத்திக்கொண்டு பள்ளத்தில் இறங்கின ஆக்களுக்கு இது தெரியும். பாரமான காருக்குப் பெரிய பிரேக், அகல ரயர், உறுதியான சட்டகம் எல்லாம் வேணும். அவை இன்னும் நிறையைக் கூட்டும், விலையையும் கூட்டும். 1990களில் யென்னின் மதிப்பும் ஏற, காப்புறுதிச் செலவும் சேர, இளம் ஆக்களுக்கு அந்தக் கார்கள் எட்டாமற் போயின. 1996இல் 300இசட்எக்ஸும் 1999இல் 3000ஜிடியும் அமெரிக்கச் சந்தையை விட்டு வெளியேறின.

எம்எக்ஸ்-5 நின்றுபிடித்தது. அதுக்காக வலு தேவையில்லை எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. மஸ்டாவும் 1993இல் 1.8 லீற்றர் எஞ்சினைப் போட்டது. 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை கொழுத்தும் போனது. 2015இல் வந்த நாலாம் தலைமுறையில் ஏறக்குறைய 100 கிலோவைக் குறைத்தார்கள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. அமெரிக்க மொடலின் வலுவை 155இலிருந்து 181க்கு உயர்த்தியது அதுக்கும் பிறகுதான்.

அடுத்தமுறை ஒரு புதுக் காரின் விளம்பரத்தைப் பார்க்கேக்கை குதிரைவலுவோடு நின்றுவிடாமல், அதை நிறையால் பிரித்துப் பாருங்கோ. பிறகு நிறையைத் தனியாகவும் ஒருக்கால் பாருங்கோ.