நிலவு விழுந்த விளையாட்டு

2010 செப்டம்பரில் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ என்ற இணைய விளையாட்டு படுதோல்வி. அந்த டிசம்பரில் அதன் தயாரிப்புப் பொறுப்பை ஏற்ற நவோகி யோஷிதா, பழைய உலகின் அழிவையே கதையாக்கினார். தலாமுட் என்ற சிவப்பு நிலவு அந்த உலகின் வானில் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பரில் சர்வர்களை அணைத்ததும் ஒரு காணொளி. நிலவு வெடித்து, உள்ளிருந்து பஹாமுட் எனும் டிராகன் கிளம்பியது. தோற்றுப்போன சரக்குக்கு இத்தனை ராஜமரியாதையோடு இறுதிச்சடங்கு நடந்து நான் பார்த்ததில்லை.

2013 ஆகஸ்டில் மறுபிறவி. ஆரம்பக் கதை ஒரே இழுவை என்ற முணுமுணுப்பு இன்றும் உண்டு. நானும் பாதித் தூக்கத்தில்தான் கடந்தேன். 2019இல் நட்சுகோ இஷிகாவா எழுதிய ‘ஷேடோபிரிங்கர்ஸ்’ என்ற விரிவாக்கம் வந்ததும் முணுமுணுத்த வாய்களே கொண்டாடின. எமெட்-செல்க் என்ற வில்லனின் துக்கத்தில் நியாயம் இருந்ததே! 2024இன் ‘டான்டிரெயில்’ விரிவாக்கம் வூக் லாமாட் என்ற பெண் பாத்திரத்தையே சுற்றுகிறது, நாம் ஓரமாக நிற்கிறோம் என்று பலர் பொருமினார்கள். எனக்கென்னவோ அவளைப் பிடித்திருந்தது.