மாடியில் தண்ணீர் தேங்குதா? பெயிண்ட் அடிக்கும் முன் வாட்டத்தை பாருங்க!

சென்னை,

வடகிழக்கு பருவமழை அக்டோபரில் தொடங்கினால் டிசம்பர் வரை மொட்டை மாடி வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி கிடையாது. வெளியே மழை நின்றாலும் படுக்கை அறையில் சொட்டு நிற்காது. வாளி, குண்டான், பழைய துணி என்று ராத்திரி முழுவதும் அல்லாட்டம்தான்.

மழை ஓய்ந்ததும் பலர் வாட்டர் புரூப் பெயிண்ட் வாங்கி அடித்து விடுகிறார்கள். அடுத்த மழையில் அதே இடம் மறுபடி ஒழுகுகிறது. காரணம், மாடியில் தண்ணீர் ஓட வாட்டம் இல்லை. தேங்கி நிற்கும் தண்ணீர் சின்ன விரிசல் கிடைத்தாலும் உள்ளே இறங்கி விடும்.

கம்பிக்கு ஆபத்து

இப்படி இறங்கும் ஈரம் கான்கிரீட்டில் உள்ள கம்பியை துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். கடைசியில் கூரையின் அடிப்பக்கம் பெயர்ந்து தலையில் விழும். கீழே குழந்தைகள் தூங்கினால் என்ன ஆகும்?

பாரமும் சும்மா இல்லை. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றால் சுமார் 2,360 லிட்டர். அதாவது 2 டன்னுக்கும் மேல். ஒரு வாரம் தேங்கினால் டெங்கு கொசுவும் உற்பத்தியாகும்.

எவ்வளவு வாட்டம் தேவை?

பெரும்பாலான வீடுகளில் கான்கிரீட் தளத்தை மட்டமாகத்தான் போடுகிறார்கள். அதன் மேல் போடும் வெதரிங் கோர்சில்தான் வாட்டம் எடுக்க வேண்டும். அந்த காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, கட்டையால் நாள் கணக்கில் அடித்து, மேலே தட்டு ஓடு பதித்தார்கள்.

எந்த பொருள் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். 10 அடி நீளத்துக்கு 2 அங்குலம் இறக்கம் வேண்டும். குழாய் வாயில் 2 அங்குல கனம் என்றால், அங்கிருந்து 15 அடி தள்ளி 5 அங்குலம் இருக்க வேண்டும். "கண்ணாலேயே பார்த்து போட்டுடலாம் சார்" என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டியூப் மட்டம் பிடித்து, நூல் கட்டித்தான் போட வேண்டும்.

குழாய் எத்தனை?

மணிக்கு 10 சென்டி மீட்டர் மழை கொட்டினால், ஒரு 4 அங்குல குழாய் சுமார் 450 சதுர அடி மாடித் தண்ணீரைத்தான் இறக்கும். எனவே ஆயிரம் சதுர அடிக்கு 3 குழாய் வைப்பது நல்லது. குழாய் வாய்தான் மாடியிலேயே தாழ்வான இடமாக இருக்க வேண்டும். இலை, குப்பை அடைக்காமல் இருக்க ஜாலி போடுங்கள்.

குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியேற, கைப்பிடிச் சுவரில் தரைக்கு 2 அங்குலம் மேலே ஒரு துளை விடலாம். சுவரும் தரையும் சேரும் மூலையில் கலவை வைத்து வளைவாக பூசுங்கள். ஒழுகல் அதிகம் தொடங்குவது அங்கேதான்.

இறங்கும் தண்ணீரை பாதாள சாக்கடையில் விடக்கூடாது. தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு தொட்டிக்கு திருப்பி விடுங்கள்.

பழைய வீடா?

மழை விட்டு 2 நாள் ஆகியும் தண்ணீர் நிற்கும் இடங்களை சாக்பீசால் வட்டம் போட்டு குறியுங்கள். ஒன்றிரண்டு இடம்தான் என்றால் அங்கே மட்டும் ஓட்டை எடுத்துவிட்டு சரி செய்யலாம். மாடி முழுவதும் குளமாக நின்றால் பழைய வெதரிங் கோர்சை பெயர்த்துவிட்டு புதிதாக போட வேண்டும். பழசுக்கு மேலேயே புதுசை ஏற்றினால் பாரம் கூடும். கம்பி வெளியே தெரிந்தால் என்ஜினீயரிடம் காட்டாமல் எதையும் தொடாதீர்கள்.

வேலை முடிந்ததும் மேஸ்திரிக்கு கூலியை செட்டில் பண்ணும் முன், குழாய்க்கு தூரமாக உள்ள மூலையில் 4 குடம் தண்ணீரை ஊற்றுங்கள். நடுவில் எங்கும் நிற்காமல் குழாய்க்கு ஓடி வந்தால் சரி. நின்றால் அவர் இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். செப்டம்பருக்குள் இதை முடித்துவிட்டால் ஐப்பசி அடைமழையில் வாளி தேட வேண்டியதில்லை.