பந்தைக் கொடுக்கக் கற்றோம்

எமது கல்லூரியில் பயின்றவர்களுள் வலைப்பந்தாட்ட மைதானத்தின் மணலை மிதிக்காதவர்கள் மிகச் சிலரே. இல்லத்துக்காக ஆடியவர்களும் கோட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தவர்களுமாக, ‘நெற்போல்’ என்று நாம் அழைத்த அந்த ஆட்டத்தோடு வளர்ந்தோம். அதன் வரலாற்றை இந்நூற்றாண்டு மலரில் பதிந்துவைப்பது பொருத்தமாகும்.

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தைத் தொடக்கினார். அடுத்த ஆண்டே ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை அதனைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். பெண்கள் முட்டிமோதி ஆடுவதை அக்காலச் சமூகம் விரும்பவில்லை. எனவே அவர் மைதானத்தை மூன்றாகப் பிரித்தார். எவரும் தம் பகுதியை விட்டு நீங்கலாகாது, பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாது என விதித்தார். இங்கிலாந்தில் ஒஸ்டர்பேர்க் அம்மையாரின் உடற்பயிற்சிக் கல்லூரி மாணவிகள் இவ்வாட்டத்தைப் புற்றரைக்குக் கொண்டுவந்தனர். கூடையின் இடத்தில் வளையம் வந்தது. 1901இல் வலைப்பந்தாட்ட விதிகள் அச்சாகின. ஆசிரியைகள் வழியாக அது பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் பாடசாலைகளுக்குப் பரவியது. 1920களில் இலங்கை மாணவிகளும் ஆடத் தொடங்கினர்.

பெண்களைக் கட்டுப்படுத்த வந்த விதிகளே பின்னர் எமக்குப் பண்பைப் பயிற்றின. பந்தோடு ஓட முடியாது. மூன்று விநாடிக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். தடுப்பவள் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். எழுவரில் இருவரே வளையத்துக்கு எறியலாம். இடித்துவிட்டவள், எதிரணியினர் பந்தை எறியும்வரை அருகில் ஒதுங்கி நிற்க வேண்டும். எத்தனை வல்லவளாயினும் தனியொருத்தியால் வெல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கை அணிக்காக உலகக் கிண்ணப் போட்டிகளில் கோல்களைக் குவித்த தர்ஜினி சிவலிங்கத்துக்கும், வளையத்தருகே பந்தைக் கொண்டுவந்து சேர்க்கத் தோழியர் வேண்டியிருந்தனர்.

விட்டுக்கொடுத்தலை நாடுகளும் கற்கவேண்டியிருந்தது. நீண்டகாலம் ஒவ்வொரு நாடும் தனக்கேற்ற விதிகளோடு ஆடியது. நியூசிலாந்தில் அணிக்கு 9 பேர் ஆடினர். 1960இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடிப் பொது விதிகளை வகுத்தனர். அவர்கள் கூடிய இடம் எமது இலங்கை என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அதன் பயனாக 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. பங்குகொண்ட 11 அணிகளுள் இலங்கையும் ஒன்று.

சாதாரணதர வகுப்பு வந்ததும் பெண் பிள்ளைகளை மைதானத்திலிருந்து நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. உலகெங்கும் வாழும் எம் தோழியரே, மகளோ பேத்தியோ விளையாடக் கேட்டால் தடுக்காதீர்கள். தோற்ற பின்னும் எதிரணியின் கையைப் பற்றிக் குலுக்கும் மனத்தை எந்த ரியூசன் வகுப்பும் எமக்குத் தரவில்லை. அந்த மணல்தான் தந்தது.