ஆட்டின் கதையும் ஆட்டுக்காரப் பையனின் கதையும்

எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பிள்ளைக்கு என்ன நாவல் வாங்கித் தரலாம் என்று சேலத்திலோ நாமக்கல்லிலோ யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ‘பொன்னியின் செல்வன்’ என்றுதான் பதில் வரும். ஆண்டு விழாவில் பரிசாகத் தருவதும் அதைத்தான், புத்தகக் காட்சியிலிருந்து பையில் கனத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதும் அதுதான். 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதியது. அடுத்த வாரம் வரை வாசகரைத் தவிக்கவிடும் சாமர்த்தியம் இன்றைக்கும் பழுதாகவில்லை. 2022இலும் 2023இலும் மணிரத்னம் படமாக எடுத்துவிட்ட பிறகு வந்தியத்தேவனைத் தெரியாத பிள்ளை அபூர்வம். அந்த நாவலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஐந்து பாகத்தையும் முடிக்கிற பிள்ளை ஏற்கெனவே வாசிக்கிற பிள்ளை. வாசித்துப் பழகாத பிள்ளை வீரநாராயண ஏரிக்கரையிலேயே குதிரையைவிட்டு இறங்கிவிடுகிறது.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காலமும் குறைவு. கோழிப் பண்ணைக்குப் பேர்போன நாமக்கல்லில், மதிப்பெண்ணுக்காகவே பிள்ளைகளை அடைத்துவைக்கும் விடுதிப் பள்ளிகளுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டுக்குத் தாவுவது தமிழ்நாட்டில் அவ்வளவு பரவியிருந்ததால்தான் 2017-18இல் அரசு பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்துப் பார்த்தது. ஒன்பதாம் வகுப்பு தாண்டினால் கதைப் புத்தகம் என்பது ஒளித்துவைத்துப் படிக்கிற பொருளாகிவிடும். அதற்கு முன்பு கிடைப்பது இரண்டு, மூன்று வருடம். அதற்குள் கையில் கொடுத்த முதல் நாவலே அலுத்துப்போனால், அடுத்ததைக் கொடுக்க நமக்கு வாய்ப்பு வராமலே போகலாம்.

ஆகவே இந்த மண்ணிலிருந்தே வந்த இரண்டு நாவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் பெருமாள்முருகன் எழுதியவை. 1966இல் திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்து, நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். ஒன்று 2000இல் வந்த ‘கூளமாதாரி’. மற்றது 2016இல் வந்த ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. முதலாவதில் ஆடு மேய்க்கும் பையன் நாயகன். இரண்டாவதில் ஆடே நாயகி. இரண்டும் சிறுவர்களுக்கென்று எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எது என்று ஆசிரியர் யோசித்தால் கை தானாகப் ‘பூனாச்சி’யின் பக்கம்தான் போகும். அளவில் சிறியது, அட்டையில் ஆடு, நீதிக்கதைச் சாயல் வேறு. அந்தக் கை தவறான பக்கம் போகிறது என்பது என் கட்சி.

‘பூனாச்சி’யின் தொடக்கம் எந்தப் பிள்ளையையும் இழுத்து உட்காரவைக்கும் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகிருதியில் அசுரனைப் போன்ற ஒருவன் ஒரு கிழவனின் கையில் புழு அளவுக்கு ஒரு கறுப்புக் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். கிழவி அதற்குப் பெயர் வைத்துப் பாலுக்கு வழிதேடுகிறாள். காட்டுப்பூனை வந்து குட்டியைக் கவ்வப் பார்க்கிறது. பிழைக்குமா பிழைக்காதா என்ற ஒரே கேள்வியில் பக்கங்கள் ஓடுகின்றன. ‘சேலம் கறுப்பு’ என்று ஒரு வெள்ளாட்டினமே இந்த வட்டாரத்தில் உண்டு. ஓமலூர் சந்தையிலும் எடப்பாடிப் பக்கத்துத் தெருவிலும் கறுப்புக் குட்டியைத் தூக்கி வளர்ந்த பிள்ளைக்குப் பூனாச்சி பக்கத்து வீட்டு ஆடுதான்.

அடுத்து அதிகாரம் வருகிறது. பிறந்த குட்டிக்குக் காது குத்தி அடையாளம் போட வேண்டும், அதற்கு வரிசையில் நிற்க வேண்டும், குட்டி எங்கிருந்து வந்தது என்று விளக்கம் சொல்ல வேண்டும். கறுப்பு ஆடு இருட்டில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதிகாரத்துக்கு அதன்மேல் தனிச் சந்தேகம். ஆதாருக்கும் ரேஷனுக்கும் தாத்தா பாட்டியோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு கண்டுகொள்ளலாம்.

சிக்கல் நாவலின் நடுவில் தொடங்குகிறது. குட்டி வளர்கிறது, கிடா ஒன்றின்மேல் பிரியம் கொள்கிறது, சினைப்படுகிறது, ஏழு குட்டி ஈனுகிறது, ஈன்றவை கைமாறிப் போவதைப் பார்த்து நிற்கிறது. பிறகு பஞ்சம். வயதான இருவர் உயிரோடு இருப்பதற்காக எதை எதை விடுகிறார்கள் என்கிற கணக்கு. இவை தமிழில் மிக நுட்பமாக எழுதப்பட்ட பக்கங்கள். பிள்ளை பெற்றவர்களால் சில இடங்களைத் தாங்க முடியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளையோ அந்த இடங்களைத் தாண்டிக்கொண்டு போய்விடும். துயரம் புரியாமல் இல்லை, இன்னும் தன்னுடையதாகவில்லை. பூனாச்சி குட்டியாக இருக்கும்வரை அது பிள்ளைகளின் கதை. தாயானதும் தாய்மாரின் கதையாகிவிடுகிறது.

எழுதப்பட்ட சூழலும் ஒரு காரணம். ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்து 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் கிளம்பிய போராட்டமும், 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்ததும், 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததும் தெரிந்த கதை. அந்த மௌனத்துக்குப் பிறகு வந்த முதல் நாவல் ‘பூனாச்சி’. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் அச்சம், மாட்டையும் பன்றியையும் தொடவே முடியாது, மிச்சம் இருப்பது ஆடு என்று முன்னுரையில் அவர் அரைச் சிரிப்போடு சொல்லிவிடுகிறார். அதனால்தான் கதைக்கு ஊர்ப் பெயர் இல்லை, கிழவனுக்கும் கிழவிக்கும் பெயர் இல்லை. அடிபட்ட பெரியவர் ஒருவர் மறைத்துப் பேசும் பேச்சு அது. எதை மறைக்கிறார் என்று தெரிந்தவர்களுக்குத்தான் முழுச் சுவையும் கிடைக்கும். விலங்குக் கதை என்றாலே சிறுவர் அலமாரியில் சேர்த்துவிடுவது நமக்கு மட்டும் உள்ள பழக்கமல்ல. 1877இல் அன்னா சிவெல் ‘பிளாக் பியூட்டி’யைக் குதிரையை வைத்து வேலை செய்வோர் படிப்பதற்காக எழுதினார். உலகம் அதைக் குழந்தைப் புத்தகமாக்கிவிட்டது.

‘கூளமாதாரி’ எந்த அலமாரியிலும் சிறுவர் புத்தகமாகச் சேராது. பருமனில் பெரியது. முதல் பக்கத்திலிருந்தே கொங்குப் பேச்சு. ஆனால் கதையில் நிறைந்திருப்பவர்கள் யார் என்று பாருங்கள்: கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி. எல்லாம் உடம்பைச் சொல்லிக் கூப்பிடும் பட்டப்பெயர்கள். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் இதே முறையில் வைத்த பெயர்கள் எத்தனை காதில் விழும்! கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் வருசக் கூலிக்கு விடப்பட்ட மாதாரிப் பையன் கூளையன். கூலியை அப்பன் முன்கூட்டியே வாங்கிவிடுவான். பையனுக்குத் தூக்குப்போசிச் சோறும் பட்டியில் படுக்கையும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது என்று சமூக அறிவியல் பாடத்தில் படிக்கிற பிள்ளைக்கு, அந்தச் சட்டம் யாருக்காக என்பது இங்கே முகத்தோடும் பெயரோடும் கிடைக்கிறது.

அதற்காக இதை அழுகைக் கதை என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பகுதி விளையாட்டு. ஆடுகள் மேட்டுக்காட்டில் மேய்ந்துகொண்டிருக்க, பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள், சேர்ந்துகொள்கிறார்கள், பனம்பழத்துக்குக் காத்திருக்கிறார்கள், கிணற்றில் குதிக்கிறார்கள், தேங்காய் திருடுகிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள். செவிடியின் இடுப்பில் எப்போதும் பண்ணையக்காரர் வீட்டுக் குழந்தை தொற்றிக்கொண்டிருக்கிறது. பள்ளி இல்லை, ஆசிரியர் இல்லை, பெரியவர்கள் தூரத்துக் குரல்கள். அந்தச் சுதந்திரத்தைப் பார்த்து விடுதிப் பள்ளிப் பிள்ளை பொறாமைப்படும். பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆடு காணாமல் போனாலும் யார் முதுகு தோலுரியும் என்பதும் தெரிந்துவிடும். இரண்டையும் ஒரே பக்கத்தில் உணரவைப்பதுதான் இந்த நாவலின் பெரிய திறமை. உபதேசம் செய்ய யாரும் குறுக்கே வருவதில்லை. அந்த வயதில் உபதேச வாடை அடித்தால் போதும், புத்தகம் மூடப்பட்டுவிடும்.

என்னை மறுபடியும் மறுபடியும் இழுப்பது செல்வன். பண்ணையக்காரரின் மகன், பள்ளிக்கூடம் போகிறவன், கூளையன் வயதுக்காரன். இரவில் பட்டிக்குப் படுக்க வருகிறான். இருட்டில் இருவரும் சிநேகிதர்கள். விடிந்ததும் ஒருவன் முதலாளியின் மகன், ஒருவன் ஆள். எந்தக் கணத்தில் சிநேகிதம் முடிந்து அதிகாரம் தொடங்குகிறது என்பது இருவருக்குமே தெளிவில்லை. பதினான்கு வயதில் வகுப்புத் தோழனோடு ஏற்படும் விரிசல்கள் எல்லாம் இப்படித்தான், காரணம் தெரியாமல். அதனால் கதை எங்கே போகிறது என்பதை எந்தப் பிள்ளையும் விடாமல் துரத்தும். எங்கே போய் முடிகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. கனமான முடிவு என்பதை மட்டும் கொடுக்கிற பெரியவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பெரியவர்களின் பயங்கள் இரண்டு புத்தகத்துக்கும் வேறுவேறு. ‘பூனாச்சி’யில் ஆடு இணைசேர்வதைப் பற்றிச் சங்கடப்படுவார்கள். ஆடு வளர்க்கும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை, சங்கடம் பெரியவர்களுக்குத்தான். ‘கூளமாதாரி’யின் கெட்ட வார்த்தைகளைப் பற்றியும் எனக்குப் பெரிய கவலை இல்லை. பள்ளிப் பேருந்தில் அதைவிட அதிகம் கேட்கிறது.

சாதிதான் உண்மையான கேள்வி. நாமக்கல் மாவட்டத்து வகுப்பறை ஒன்றில் கவுண்டர் வீட்டுப் பிள்ளையும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அங்கே இந்த நாவலை உரக்க வாசித்தால், கூளையனைக் கூப்பிடும் வசைச்சொல் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் காதில் வேறு விதமாக விழும். இடைவேளையில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டால் ஆசிரியர் செய்த வேலை பாழ். ஆகவே வகுப்புக்குப் பொதுவாக வாசிக்கக் ‘கூளமாதாரி’யைச் சொல்ல மாட்டேன். தனித்தனியே கையில் கொடுத்து, படித்த பிறகு தனியே பேச வேண்டிய புத்தகம் அது. அப்படிக் கொடுத்தால் செல்வன் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குத்தான் அது அதிகம் வேலை செய்யும் என்று நினைக்கிறேன். தன் பாட்டன் வீட்டுப் பட்டியில் யார் படுத்திருந்தார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகு சும்மா விடாது. வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாக வாசிக்கப் ‘பூனாச்சி’யின் முதல் பகுதி நன்றாகவே பொருந்தும். அங்கே எல்லாரும் குட்டியின் பக்கம்.

பிடிக்காத புத்தகத்தைப் படித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, தூரப் போட்டுவிடலாம் என்ற பொருளில் 2016 தீர்ப்பு பேசியது. டேனியல் பென்னாக் என்ற பிரெஞ்சு ஆசிரியர் 1992இல் வாசகருக்குப் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டபோது, புத்தகத்தைப் பாதியில் விடும் உரிமையையும் சேர்த்திருந்தார். பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிக் கொடுப்பது நல்லது. ‘பூனாச்சி’யைப் பாதியில் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் அது திரும்ப எடுக்கக் காத்திருக்கும்.

மொழி பற்றி எல்லாரும் நினைப்பது ‘பூனாச்சி’ சுலபம், ‘கூளமாதாரி’ கடினம் என்று. கண்ணுக்கு அப்படித்தான். ஆங்கில வழியில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்குப் ‘பூனாச்சி’யின் நேரான உரைநடை வசதி. ஆனால் ராசிபுரத்திலோ சங்ககிரியிலோ வளர்ந்த பிள்ளைக்குக் ‘கூளமாதாரி’யின் பேச்சு காதுக்கு அந்நியமில்லை, அப்பத்தா பேசுவது. முதல் சில பக்கங்களை வாய்விட்டு வாசித்துக் காட்டினால் போதும், எழுத்துக்கூட்டுவது நின்றுவிடும். கொங்கு வட்டாரச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் தொகுத்த அகராதி ஒன்று உண்டு. சென்னைப் பிள்ளைக்கு அது தேவைப்படலாம். இங்கே வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் போதும்.

எனவே நான் கொடுக்கும் வரிசை வழக்கத்துக்குத் தலைகீழ். எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் ‘கூளமாதாரி’. அது பிடித்துப்போய் அடுத்தது கேட்கிற பிள்ளைக்கு ‘ஏறுவெயில்’: 1991இல் வந்த அவருடைய முதல் நாவல். குடியிருப்பு கட்டுவதற்காக விவசாய நிலம் எடுக்கப்பட்டுச் சிதறும் ஒரு குடும்பத்தை, அந்த வீட்டுப் பையன் பக்கமிருந்து பார்ப்பது. நிலம் இருந்தவர்களின் வீழ்ச்சியை, நிலமே இல்லாதவனின் கதைக்குப் பிறகு படிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் வாரங்களில் ‘பூனாச்சி’.