தோலில் போட்ட முடிச்சும் ஷேப் லேயரும்

கணினிப் பாடத்துக்காக ஒரு சின்ன அனிமேஷன் செய்தேன். பாலக்கோட்டுக்காரன் வேறு எதைச் செய்வான்? தக்காளிக் கூடை தூக்கும் ஒரு ஆள்தான்! ஆஃப்டர் எஃபெக்ட்ஸில், ஷேப் லேயரில் கையை வரைந்து சுழற்றினால், அது தோளை விட்டுவிட்டுத் திரையின் நடுவைச் சுற்றிப் பறந்தது. பின்னால் நின்று பார்த்த தாத்தா, "தோள்ல முடிச்சு போடலியே கண்ணு, அப்புறம் எப்படி நிக்கும்?" என்றார். திருவிழாக்களில் விடிய விடியப் பொம்மலாட்டம் பார்த்தவர் அவர். ஆங்கர் பாயிண்டைத் தோளுக்கு நகர்த்தினேன். கை சமர்த்தாகக் கூடையைத் தூக்கியது.

அந்த முடிச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பொம்மலாட்டத்தில் ஆடுவது மரப்பொம்மை. நம் ஷேப் லேயரைப் போலத் தட்டையான உருவம் ஆடுவது தோற்பாவைக் கூத்தில். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவமாக வெட்டி, சாயம் தீட்டுவார்கள். அசைய வேண்டிய கையைத் தனியாக வெட்டி மூட்டில் நூலால் கோர்ப்பார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு. ராமன், அனுமன், மரம் எல்லாம் தனித்தனித் துண்டுகள். இன்றைய பாஷையில் லேயர்கள்!

ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி இதே நிழல் உருவங்களைச் சினிமாவுக்குக் கொண்டுபோனார். கறுப்பு அட்டையை வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து ஒளி வரும் கண்ணாடி மேசையில் வைத்து, மேலிருந்த கேமராவில் ஒவ்வொரு அசைவாகப் படம் பிடித்தார். மூன்று ஆண்டு உழைப்பில் 1926-இல் வந்தது 'இளவரசர் அகமதின் சாகசங்கள்'. இன்று கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுதான்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993-இல் வந்தது. ஷேப் லேயர் அதில் சேர்ந்தது 2007-இல், சிஎஸ்3 பதிப்பில். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் பெசியர் வளைவுகளும்தான் உருவம். பெசியர் என்பவர் ரெனோ கார் கம்பெனியின் பொறியாளர். காரின் உடலை வடிவமைக்கப் பயன்பட்ட கணக்கு, இன்று என் தக்காளிக்காரனின் தோளையும் வளைக்கிறது!

2017-இல் ஏர்பிஎன்பி நிறுவனம், இப்படிச் செய்த அனிமேஷன்களைக் கைபேசிச் செயலிகளில் ஓடவைக்கும் ஒரு கருவியை வெளியிட்டது. படங்களை அனுப்பாமல் புள்ளி, வளைவு, நேரம் ஆகியவற்றை மட்டும் எழுதி அனுப்புவதால் கோப்பு மிகச் சிறியது. அதன் பெயர் 'லாட்டி'. லோட்டே ரைனிகரின் நினைவாக வைத்த பெயர்!

படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு உறுத்தல். தாத்தாவிடம், "நீங்க பார்த்த ஆட்டத்துல பொம்மை ஆட்டினது யாரு?" என்று கேட்டேன். கதை முழுக்கச் சொன்னார். பொம்மை எப்படித் திரும்பியது என்று கையாலேயே ஆடிக் காட்டினார். ஆட்டியவர் பெயர் மட்டும் அவருக்கு நினைவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காவது நினைவிருக்கிறதா? இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.